எத்தனை பிள்ளை என்று அரசு சொன்னால் தாயின் உடம்புக்கு என்ன நடக்கும்?

கிளிநொச்சியில் இருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. சீனாவில் இரண்டாவது பிள்ளைக்கு அனுமதி கொடுத்த பிறகு கர்ப்பிணிகளுக்குச் சிக்கல்கள் கூடிவிட்டன என்று வாசித்தாராம். அது உண்மையா? ஒரு நாட்டுச் சட்டம் எப்படி ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்குள் போய் வேலை செய்யும்? அப்படி ஒரு சட்டமே இல்லாத இலங்கையில், அதிலும் வன்னியில், நாங்கள் ஏன் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்? தன் அக்காவைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தார். வயது 37, முதல் பிள்ளை சிசேரியன், இப்போது இரண்டாவது பிள்ளை, ஐந்தாம் மாதம். பிள்ளை கூடப் பெறச் சொல்லி அரசு பணம் கொடுத்தால் அது எங்களுக்கு நல்லதுதானே என்பது கடைசிக் கேள்வி.

தங்கச்சி, நான் வன்னியில் தாய் சேய் நல வேலையில் நிறையக் காலம் இருந்தவள். தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் வாசித்தது உண்மைதான். ஆனால் எந்தச் சட்டமும் நேரே போய் ஒரு தாய்க்குப் பிரஷரையோ இரத்தப்போக்கையோ கொடுப்பதில்லை. அவள் எந்த வயதில் கருத்தரிக்கிறாள், முந்திய பிள்ளை எந்த வழியால் பிறந்தது என்பதை அது மாற்றிவிடுகிறது. இவை இரண்டையும்விடப் பெரியது இன்னொன்று: வயிற்றில் பிள்ளை இருப்பதைப் பயமில்லாமல் வெளியே சொல்லிக் கிளினிக்குக்கு வரமுடியுமா என்பது. சட்டம் போட்ட வருடத்தில் இது ஒன்றும் கண்ணில் படாது. பத்து, இருபது வருடம் கழித்து, சட்டம் போட்டவர்கள் பதவியில் இல்லாத காலத்தில், பிரசவ வாட்டில் வந்து நிற்கும்.

சீனாவையே எடுப்போம். 1980ஆம் ஆண்டு செப்டெம்பரில் கட்சி உறுப்பினர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, ஒரு தம்பதிக்கு ஒரு பிள்ளை என்பதை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். நகரங்களில் அது மிக இறுக்கமாக நடைமுறையில் இருந்தது. ஒரே ஒரு பிள்ளைதான் என்றானபோது, பெண்களும் டொக்டர்மாரும் பிரசவத்தைப் பார்க்கும் விதமே மாறியது. அடுத்த பிள்ளை இல்லையென்றால் கர்ப்பப்பையில் விழும் தழும்பைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? வலி வேண்டாம், நல்ல நாளும் பார்க்கலாம், வெட்டியே எடுத்துவிடுவோம் என்று நிறையப் பேர் போனார்கள். இதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆஸ்பத்திரிகளின் வருமானம் அதில் ஒன்று. 2007, 2008இல் உலக சுகாதார நிறுவனம் ஆசிய நாடுகளில் நடத்திய ஆய்வில், அவர்கள் பார்த்த சீன ஆஸ்பத்திரிகளில் 100 பிரசவத்துக்கு 46 சிசேரியனாக இருந்தது.

பிறகு 2016 ஜனவரி 1 முதல் இரண்டாவது பிள்ளைக்கு எல்லோருக்கும் அனுமதி. அப்போது முதலில் ஓடிவந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இளம் பெண்களுக்கு அவசரமில்லை. இத்தனை வருடமாக இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்பட்டு, அனுமதி இல்லாமல் காத்திருந்தவர்கள்தான் வந்தார்கள். 35ஐத் தாண்டியவர்கள், 40ஐ நெருங்கியவர்கள். அவர்களில் ஏராளமானோரின் கர்ப்பப்பையில் ஏற்கனவே ஒரு தழும்பு. இந்த வயதில் கர்ப்பகாலச் சீனி வருத்தமும் பிரஷரும் கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தழும்பு செய்வதைப் பற்றித்தான் கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயிற்றில் பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கும் நச்சுக்கொடி (பிளசென்டா) கர்ப்பப்பையின் மேற்பகுதியில் ஒட்டி வளர்வதுதான் வழமை. பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்கும், நச்சுக்கொடி கழன்று விழும், அந்த இடத்து இரத்தக் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்ளும். சிசேரியன் செய்த கர்ப்பப்பையில் கீழ்ப்பக்கம் ஒரு தழும்பு இருக்கும். அடுத்த முறை நச்சுக்கொடி கீழே இறங்கி அந்தத் தழும்பின் மேலேயே ஒட்டினால், அங்கே அதைத் தடுத்து நிறுத்தும் மென்படை சரியாக இருக்காது. தசைக்குள்ளேயே வேர் விட்டதுபோல இறங்கிவிடும். சில வேளை சிறுநீர்ப்பை வரைக்கும் போகும். பிள்ளையை எடுத்த பிறகும் அது கழராது. கழற்றப் போனால் இரத்தம் நிற்காது. பல இடங்களில் கர்ப்பப்பையையே அகற்றித்தான் தாயைக் காப்பாற்றுகிறார்கள்.

அமெரிக்காவில் 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கும் தாய்க்கு அது முதலாவது சிசேரியனாக இருந்தால், இப்படித் தசைக்குள் இறங்கும் வாய்ப்பு 100க்கு 3. இரண்டாவது சிசேரியன் என்றால் 11. மூன்றாவது என்றால் 40. நாலாவது என்றால் 61. முதல் பிள்ளையில் 'எப்படியும் இதோடு சரி' என்று எடுத்த முடிவு, அடுத்த பிள்ளையில்தான் இந்தக் கணக்கில் வந்து சேர்கிறது.

ஆனால் தங்கச்சி, பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. சிக்கலான கர்ப்பங்கள் கூடியும் சீனாவில் தாய் மரண வீதம் ஏறவில்லை. 2015இல் ஓர் இலட்சம் பிறப்புக்கு 20 அளவில் இருந்தது, 2018இல் 18 அளவுக்கு இறங்கியது. காரணம், கூட்டம் வரப்போகிறது என்று தெரிந்து ஆயத்தமானார்கள். ஒவ்வொரு கர்ப்பிணியையும் முதல் வருகையிலேயே ஆபத்தின் அளவுக்கு ஏற்றபடி பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா என்று ஐந்து நிறங்களாகப் பிரித்து, யார் எந்த ஆஸ்பத்திரியில் பெற வேண்டும் என்று முன்கூட்டியே ஒழுங்கு செய்தார்கள். சிக்கல் கூடுவதும் சாவு கூடுவதும் ஒன்றில்லை. இரண்டுக்கும் நடுவில் இரத்த வங்கியும் மயக்க மருந்து டொக்டரும் நேரத்துக்கு வரும் வாகனமும் இருக்கின்றன.

அனுமதியில்லாத பிள்ளையைச் சுமந்தவர்களின் கதை வேறு. அபராதத்துக்கும் கட்டாயக் கருக்கலைப்புக்கும் பயந்து அவர்கள் ஒளித்தார்கள். கிளினிக்குக்குப் போகவில்லை, பெயர் பதியவில்லை, உறவினர் வீடுகளில் தங்கி அங்கேயே பெற்றார்கள். சீச்சுவான் மாகாணத்தில் தாய் மரணங்களை ஆராய்ந்தவர்கள், இப்படியான கர்ப்பங்களில் மரணம் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். சீனாவைப் பற்றிப் பேசும்போது பிறப்பு வீதத்தையும் ஆண் பெண் விகிதத்தையும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இதுதான் மனதில் நிற்கிறது.

உங்கள் அக்காவின் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கவனிக்க நிறைய இருக்கிறது. ஐந்தாம் மாத ஸ்கானில் நச்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். கீழே இருந்தால் 32 கிழமை அளவில் மறுபடி பார்க்க வேண்டும், பெரும்பாலும் அதற்குள் மேலே போய்விடும். போகாமல் தழும்பின் மேலேயே நின்றால், இரத்தமும் சத்திரசிகிச்சைக் குழுவும் உள்ள பெரியாஸ்பத்திரியில்தான் பிரசவம் நடக்க வேண்டும். நோவே இல்லாமல் கொஞ்சம் இரத்தம் பட்டாலும் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இருக்கக் கூடாது. விடாத தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் நோ, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே போக வேண்டும். சீனிப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் பிள்ளையின் டயக்னோசிஸ் கார்ட்டை, அதாவது ஆஸ்பத்திரியால் விடும்போது என்ன செய்தார்கள் என்று எழுதித் தரும் கார்ட்டை, தேடி எடுத்துக் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தக் கார்ட்டைப் பற்றிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. போருக்குப் பிறகு வன்னிக் கிளினிக்குகளில் நாங்கள் அடிக்கடி முட்டிய சுவர் அது. ஒரு தாய் இரண்டாவது அல்லது மூன்றாவது பிள்ளையோடு வருவார். வயிற்றில் தழும்பு இருக்கும். எங்கே சிசேரியன் செய்தது என்று கேட்டால், இடம்பெயர்ந்து போகும் வழியில் என்பார், அல்லது முகாமில் இருந்து ஏற்றிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் என்பார். ஏன் வெட்டினார்கள்? தெரியாது. இரத்தம் ஏற்றினார்களா? மயக்கத்தில் இருந்தேன் மிஸ். கார்ட் எங்கே? பையோடு போய்விட்டது. தோலில் தெரியும் தழும்பு குறுக்காக இருந்தாலும் உள்ளே கர்ப்பப்பையை நெடுக வெட்டியிருக்கலாம். நெடுக வெட்டியிருந்தால் வயிற்றுக்குத்து எடுக்கும்போது அது கிழியும் ஆபத்து பல மடங்கு கூட. ஆகவே தகவல் தெரியாத தாயை இயல்பாகப் பெற விடுவதற்கு எந்த டொக்டரும் தயங்குவார். மறுபடி சிசேரியன். அடுத்த பிள்ளைக்கு மூன்றாவது. அந்தக் கணக்கை மேலே பார்த்தீர்கள்.

சரி, மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். பிள்ளை கூட வேண்டும் என்று நெருக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ருமேனியாதான் பெரிய உதாரணம். 1966இல் சௌசெஸ்குவின் ஆட்சி 770ஆம் இலக்க ஆணையைப் போட்டுக் கருக்கலைப்பை ஏறத்தாழ முழுவதும் தடை செய்தது. கருத்தடை மருந்துகளும் கிடைக்காமல் போயின. பிறப்புகள் ஒரு வருடம் எகிறின, பிறகு இறங்கத் தொடங்கின, ஏனென்றால் பெண்கள் கள்ளமாகக் கலைக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 1989 வாக்கில் தாய் மரணம் ஓர் இலட்சம் பிறப்புக்கு 170ஐத் தொட்டது, அக்காலத்து ஐரோப்பாவில் அதுதான் ஆக உயர்ந்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் கருக்கலைப்பில் இறந்தவர்கள். ஆட்சி விழுந்ததும் முதல் வேலையாக அந்த ஆணையை நீக்கினார்கள். அடுத்த ஒரே வருடத்தில் மரணம் ஏறத்தாழப் பாதியானது. புது ஆஸ்பத்திரி கட்டவில்லை, புது மருந்து வரவில்லை, ஓர் ஆணையை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

கருக்கலைப்புத் தடை இருந்த அயர்லாந்தில் 2012இல் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பெண் 17 கிழமையில் கரு கலையத் தொடங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். கருவின் இதயம் துடிக்கும்வரை தொட முடியாது என்று காத்திருந்ததில் கிருமி இரத்தத்தில் ஏறி இறந்தார். 2018இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்துச் சட்டத்தை மாற்றினார்கள்.

இந்தியாவில் பிழை எதிர்ப்பக்கமாக நடந்தது. அவசரநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சைகள், இலக்கு வைத்து, நெருக்கி. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் ஒரு முகாமில் சில மணித்தியாலத்துக்குள் 83 பெண்களுக்கு ஒப்பரேஷன் செய்து, அவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அப்படியான முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது. எத்தனை பேருக்குச் செய்தாய் என்று மேலிடம் கேட்கத் தொடங்கினால், கையைக் கழுவவும் நேரம் இல்லாமல் போகிறது.

இனி எங்கள் நாடு. எங்களிடம் பிறப்புக் கொள்கை இல்லை என்று நீங்கள் நினைப்பது பிழை. இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இன்றைக்கும் அப்படியே. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருவைக் கலைக்கலாம். வல்லுறவில் உருவான கருவுக்கோ, பிறந்தாலும் வாழ முடியாத கருவுக்கோ விலக்கு இல்லை. 1995இலும் அதற்குப் பிறகும் திருத்தப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அதனால் என்ன ஆகிறது என்றால், காய்ச்சலோடும் நாற்றமடிக்கும் இரத்தப்போக்கோடும் ஓர் இளம் பெண் நான்கு நாள் பிந்தி வருகிறாள். கூட வந்த அம்மாவின் கண் பொலிஸைத் தேடுகிறது. இதை வாசிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: கலைந்த பிறகு சிகிச்சை பெறுவது எந்த அரச ஆஸ்பத்திரியிலும் உங்களுக்குள்ள உரிமை. எப்படிக் கலைந்தது என்பதைவிட எப்போது வந்தீர்கள் என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கும்.

மகப்பேற்று விடுமுறையையும் பாருங்கள். 2018 வரைக்கும் தனியார் துறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள், மூன்றாவது பிள்ளைக்கு வெறும் 42 நாள். யாரும் அதைக் குடும்பக் கட்டுப்பாடு என்று சொன்னதில்லை. ஆனால் மூன்று பிள்ளை பெற்று, இரத்தம் குறைந்து, பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயைத்தான் அது ஆறு கிழமையில் ஆடைத் தொழிற்சாலை மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தியது. 2018 திருத்தத்தோடு எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள் ஆனது. நல்ல விஷயம். வன்னியில் வயலுக்கும் கடலுக்கும் கூலிக்குப் போகிற தாய்க்கு இரண்டும் இல்லை.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் கனமானது. 1980 முதல் இலங்கை அரசு குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷனுக்குப் பணம் கொடுத்தது. பணம் இல்லாதவளுக்கு அது எவ்வளவு தூரம் 'விருப்பம்' என்பதை நீங்களே யோசியுங்கள். 1977, 1983 இனக் கலவரங்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் வயதான அம்மாமார் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

போர் முடிந்த பிறகு நடந்தது இன்னும் கிட்ட. 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், படையினர் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை பிறந்தால் ஓர் இலட்சம் ரூபா என்று அறிவித்தார்கள். 2013 ஆகஸ்ட் கடைசியில் பூநகரிப் பக்கம் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமத்துப் பெண்கள், பிள்ளைகளின் போசாக்குக் கிளினிக் என்று கூப்பிட்டுத் தங்கள் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள், சரியாக விளங்கப்படுத்தவில்லை, மறுத்தால் உதவி கிடைக்காது என்றார்கள் என்று முறைப்பாடு சொன்னார்கள். சுகாதாரத் தரப்பு கட்டாயப்படுத்தவில்லை என்று மறுத்தது. இந்த இரண்டு செய்தியும் ஒரே சனத்தின் காதில், ஒரே காலத்தில் விழுந்தன.

அந்தக் குச்சி நல்ல சாதனம். தோலுக்கடியில் வைத்தால் ஐந்து வருடத்துக்குப் பிள்ளை தங்காது, எடுத்தால் மறுபடி தங்கும். அடுத்தடுத்துப் பெற்று உடம்பு தளர்ந்த எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மாதவிடாய் குழம்பலாம், தலையிடி வரலாம் என்பதை முதலே சொல்ல வேண்டும், வேண்டாம் என்று வந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும். ஒப்புதல் சாதனத்தின் பாதி. அது போனால் சாதனமும் போகிறது, கூடவே கிளினிக்கும் போகிறது. அந்தச் செய்திக்குப் பிறகு, பிள்ளையின் தடுப்பூசிக்கு வரவே தயங்கிய தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். வாசலில் நின்று, "ஊசி பிள்ளைக்கு மட்டும்தானே மிஸ்? எனக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கருத்தடை வேண்டும் என்று மனதில் இருந்தவர்களும் கேட்கவில்லை. பதினான்கு மாத இடைவெளியில் அடுத்த பிள்ளையோடு வந்தார்கள். ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது 24 மாதம் கழித்துத்தான் அடுத்ததற்குக் கருத்தரிப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரத்தம் ஊறவும், தழும்பு ஆறவும் அந்தக் காலம் தேவை. குறைவாகப் பெற வைக்க நெருக்கியதாகச் சனம் நம்பிய ஒரு செயல், நெருக்கமாகப் பெறுவதில் போய் முடிந்தது.

போர்க்காலத்தின் இன்னொரு விஷயத்தையும் பிறப்புக் கொள்கையாகவே நான் பார்க்கிறேன். வீட்டுக்கு ஒருவர் என்று விடுதலைப் புலிகளின் ஆட்சேர்ப்பு இறுகிய 2006க்குப் பிந்திய காலத்தில், கலியாணம் கட்டியவர்களைக் கொண்டுபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தார்கள். தாய் தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன், உயிரைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். ஆனால் இடுப்பெலும்பு முழுக்க வளராத, ஏற்கனவே இரத்தச்சோகை உள்ள உடம்பு அது. பிரஷர் கூடி வலிப்பு வரும் ஆபத்தும், மாதம் முந்திப் பிறக்கும் ஆபத்தும், நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் ஆபத்தும் அந்த வயதில் அதிகம். 2009இல் மூன்று இலட்சத்துக்கு அண்மித்த சனம் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்தபோது, அவர்களுக்குள் கர்ப்பிணியாக வந்த சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். பசியோடு, பங்கருக்குள் இருந்து வந்தவர்கள்.

அந்தப் பழக்கம் முகாமோடு முடியவில்லை. இன்றைக்கும் 18 ஆகாத பிள்ளைகள் சேர்ந்து வாழ்வது உண்டு. பொதுச் சட்டப்படி திருமண வயது 18, அது 1995இல் வந்த நல்ல சட்டம். 16க்குக் கீழே என்றால் பொலிஸ் வழக்கு. ஆனால் அந்தப் பயத்தில் குடும்பம் பிள்ளையை வீட்டுக்குள் ஒளிக்கிறது, அல்லது வயதைக் கூட்டிச் சொல்கிறது, ஏழாம் மாதத்தில்தான் முதல் முறையாகக் குடும்பநல உத்தியோகத்தரின், அதாவது ஊர்த் தாய்மாரைப் பார்க்கும் அரச மருத்துவிச்சியின், கண்ணில் படுகிறாள். அதற்குள் இரும்புச்சத்துக் குளிசையும் ஃபோலிக் அமிலமும் போக வேண்டிய காலம் போய்விட்டது. சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. கிளினிக்கின் கதவையும் பொலிஸின் கதவையும் ஒரே கதவாகச் சனம் பார்க்காதபடி நாங்கள் நடந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

இலங்கையின் தாய் மரணம் எப்படி இறங்கியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உலகமே அதைப் படிக்கிறது. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2000க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். இப்போது 30 அளவில் நிற்கிறது, கொவிட் காலத்தில் மட்டும் திரும்ப ஏறியது. இத்தனை பிள்ளைதான் என்று எவரும் உத்தரவு போட்டு அது இறங்கவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, மலேரியாக் கட்டுப்பாடு, இலவச வைத்தியம், ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்று ஊருக்குள்ளேயே இருக்கும் குடும்பநல உத்தியோகத்தர், பெண்பிள்ளைகளின் படிப்பு, இவையெல்லாம் சேர்ந்து இறக்கின. 80களிலிருந்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் அறிவித்து, ஏன் நடந்தது என்று விசாரிக்கும் முறையும் வந்தது.

அந்தக் குடும்பநல உத்தியோகத்தரின் வேலையைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் விளங்கும். துணுக்காய்ப் பக்கம் ஒரு வாசிகசாலைக் கட்டடத்தில் கிளினிக் நடக்கும். சுவரில் தராசு. வாங்கிலில் பிரஷர் கருவி. ஒரு மூலையில் ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாயும் இருக்கும், தாய்மாரின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்ப்பார், வெள்ளையாகத் திரைந்தால் புரதம் போகிறது. பிரஷரும் கூடியிருந்தால் அந்தத் தாயை அன்றைக்கே வாகனத்தில் ஏற்ற வேண்டும். இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. அந்தத் தாய் அன்றைக்கு வந்திருந்தாள் என்பதுதான் விஷயம். வந்ததற்குக் காரணம், போன கிழமை மிஸ் அவள் வீட்டுக்குச் சைக்கிளில் போய், மாமியாரோடு இருந்து தேத்தண்ணி குடித்து, வரச் சொல்லிவிட்டு வந்தது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. 2019இல் இலங்கையில் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரம் பிள்ளைகள் பிறந்தார்கள், 2023இல் அது 2 இலட்சத்து 48 ஆயிரம் அளவுக்கு விழுந்துவிட்டது. ஆகவே கூடப் பெறுங்கள் என்ற குரல் இனி எழும். எங்கள் பக்கமும் எழும், போரில் இவ்வளவு பேரை இழந்தோம், இனத்தைப் பெருக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இப்போதே இருக்கிறார்கள். இழப்பு எனக்கும் தெரியும். 2009இல் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, 40 வயதில் மறுபடி வயிற்றைத் தடவிக்கொண்டு வந்த தாய்மாரைக் கையைப் பிடித்து வாட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். பெற வேண்டும் என்று அவர்கள் தாங்களாகவே முடிவெடுத்து வந்தார்கள், எங்களால் முடிந்ததை எல்லாம் செய்தோம். மேடையில் நின்று எண்ணிக்கை சொல்வது வேறு விஷயம். நாலாவது, ஐந்தாவது பிள்ளையில் கர்ப்பப்பை தளர்ந்து, பிள்ளை பிறந்த பிறகு சுருங்காமல் இரத்தம் ஓடும்போது, மேடையில் பேசியவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

பணம் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை எண்ணிக்கைக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணி எத்தனையாவது பிள்ளையைச் சுமந்தாலும், அல்லது கரு கலைந்து போனாலும், சாப்பாட்டுக்கும் கிளினிக் பயணத்துக்கும் கொடுங்கள். இந்தியாவில் தாய்க்கான உதவித்தொகைகள் பலவற்றை முதல் இரண்டு பிள்ளையோடு நிறுத்துகிறார்கள், தமிழ்நாட்டின் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டமும் அப்படித்தான். மூன்றாவது பிள்ளை பெறுகிறவள்தான் பெரும்பாலும் ஆக ஏழை, ஆபத்தும் அவளுக்குத்தான் கூட. அந்தப் பிழையை நாங்கள் செய்யக் கூடாது.

எங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டால் எனக்குப் பட்டியலே இருக்கிறது. ஆள் இல்லாமல் கிடக்கும் குடும்பநல உத்தியோகத்தர் பிரிவுகளுக்குத் தமிழ் பேசும் ஆட்களைப் போட வேண்டும், போட்டவர்கள் இரண்டு வருடத்தில் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போகாதபடி தங்குவதற்கு ஒழுங்கான வீடு கொடுக்க வேண்டும். முல்லைத்தீவில் இரவு இரண்டு மணிக்கும் பிரசவத்தில் இரத்தம் போகிற தாய்க்கு ஏற்ற இரத்தமும் மயக்க மருந்து டொக்டரும் இருக்க வேண்டும், யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ ஏற்றிக்கொண்டு ஓடக் கூடாது. 2024இல் கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியோடு திறந்த பெண்களுக்கான சிறப்பு நிலையத்துக்கு, கட்டடத்துக்குக் காட்டிய அக்கறையை ஆளணிக்கும் காட்ட வேண்டும். 2018இல் வடக்குக்கு வந்த, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் நெடுங்கேணி, கொக்கிளாய் மாதிரியான இடங்களுக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்பதை மாவட்டச் சுகாதாரக் கூட்டங்களில் மாதாமாதம் கேட்க வேண்டும். கருத்தடைக் குச்சியை எடுத்துவிடச் சொல்லி ஒரு பெண் வந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், டொக்டர் இல்லை, அடுத்த மாதம் வா என்று அனுப்பக் கூடாது. நீங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்றால் இந்தக் கடைசி விஷயத்தை எடுத்துச் செய்யுங்கள்: எத்தனை பேர் எடுக்கக் கேட்டார்கள், எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று பூநகரியில் இருந்து தொடங்கலாம். அங்குள்ள பெண்கள் பேசுவார்கள், கேட்கிறவர் உட்கார்ந்து கேட்டால்.